பாதிக்கதையும் மீதிக்கதையும்: வாசகர் கேள்வி-பதில்

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரிடம் இருக்கும் பிணைப்பைக் கதை சொல்லவைத்துக் கணிக்கும் முறைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, குழந்தை மனநலத் துறையினர் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

என் மகனுக்கு 6 வயது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதெல்லாம் வயிற்றுவலி என்பான். ஸ்கேன் வரை எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. குழந்தை உளவியலாளரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு பொம்மை வீட்டை வைத்துப் பாதிக்கதை சொல்லி, மீதியை இவனைச் சொல்லச் சொன்னாராம். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு வீடியோவும் எடுத்தார். அரை மணி நேரப் பொம்மை விளையாட்டில் என்ன தெரிந்துவிடும்?
- ஒரு தாய், கோயம்புத்தூர்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது எம்காஸ்ட், அதாவது மான்செஸ்டர் குழந்தைப் பிணைப்புக் கதை முறை, அல்லது அதன் உறவுமுறையில் வரும் இன்னொன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஜொனாதன் கிரீனும் அவர் சகாக்களும் 2000-இல் வெளியிட்டது. ஏறக்குறைய ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது.

பிணைப்பு, அதாவது அட்டாச்மென்ட், என்பதைப் பாசத்தின் அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பயம், வலி, நோய், தனிமை வரும்போது பிள்ளை யாரிடம் போகிறது, போனால் ஆறுதல் கிடைக்கும் என்று நம்புகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. இந்தக் கோட்பாட்டை வகுத்தவர் ஜான் பவுல்பி. அதை அளக்க முதலில் வழி கண்டவர் மேரி எய்ன்ஸ்வர்த். ஒரு வயதை ஒட்டிய குழந்தையை ஒரு புதிய அறையில் வைத்து, தாய் சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார். ஆறு வயதுப் பையனிடம் இது செல்லாது. அம்மா மூன்று நிமிடம் வெளியே போனால் அவன் நிம்மதியாக விளையாடிக்கொண்டிருப்பான். அந்த வயதுக்குள் அனுபவம் மனத்துக்குள் ஒரு எதிர்பார்ப்பாகப் படிந்துவிடுகிறது: ‘அடிபட்டால் இப்படித்தான் நடக்கும்’ என்று. 1985-இல் மேரி மெயின் குழுவினர் அந்த எதிர்பார்ப்பைப் படிக்கும் பக்கம் ஆய்வைத் திருப்பினார்கள். அதற்குப் பிள்ளைகளிடம் இருக்கும் நல்ல வாசல் கதை.

அன்று அந்த அறையில் நடந்திருக்கக்கூடியது இது. முதலில் பிள்ளை தனக்கென ஒரு பொம்மையையும், தன்னைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கென ஒரு பொம்மையையும் தானே எடுக்கும். யார் அந்தப் பெரியவர் என்பது தொடங்கும் முன்பே தீர்மானமாகியிருக்கும். பிறகு காலைச் சாப்பாட்டுக் கதை. இதில் சங்கடம் எதுவும் இல்லை. பிள்ளைக்குப் பொம்மையை நகர்த்திக் கதை சொல்ல வருகிறதா, பேச்சு எந்த அளவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அடுத்து நான்கு பாதிக்கதைகள்: இரவில் கெட்ட கனவு கண்டு விழிப்பது, வெளியே விளையாடும்போது விழுந்து முழங்காலில் ரத்தம் வருவது, திடீர் வயிற்றுவலி, கடைக் கூட்டத்தில் தொலைந்துபோவது. ஒவ்வொன்றிலும் பிள்ளைப் பொம்மை தனியாக இருக்கும். உளவியலாளர் குரலிலும் கையிலும் அந்த வேதனையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். ‘ஐயோ, ரத்தம் வருது, எரியுது, சுத்தி யாருமே இல்ல’ என்று. பிள்ளையின் முகம் மாறி, கதைக்குள் வந்துவிட்டது என்று தெரிந்ததும் நிறுத்தி, ‘இப்ப என்ன ஆகும்? நீயே காட்டு’ என்று ஒப்படைத்துவிடுவார். அதற்குமேல் கதை பிள்ளையுடையது. முடிந்தபின் ‘பொம்மை இப்ப எப்படி இருக்கான்? அம்மா மனசுல என்ன நினைக்கிறாங்க? இப்ப என்ன செய்யணும்னு இருக்கு?’ என்று இரண்டு மூன்று கேள்விகள்.

உங்களை வெளியே உட்காரவைத்ததற்குக் காரணம், நீங்கள் இருந்தால் அவன் கதையை உங்களுக்காகச் சொல்வான். வீடியோ இல்லாமல் இதைக் கணிக்க முடியாது. வாய் ‘அம்மா வந்துட்டாங்க’ என்னும்போது கை அம்மா பொம்மையைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கலாம். எழுதிக்கொண்டே இருப்பவர் இதைத் தவறவிட்டுவிடுவார்.

உங்கள் மகன் விஷயத்தில் ஒன்று. வயிற்றுவலிக்குக் காரணத்தை இந்தக் கதை நேராகச் சொல்லாது. பள்ளியில் யாராவது மிரட்டுகிறார்களா, எழுத்து ஏறவில்லையா, வகுப்பாசிரியர் மாறினாரா என்பதையும் அவர் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் பொம்மைக் கதையை மட்டும் வைத்து ‘தாயோடு பிணைப்பு சரியில்லை’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நல்ல கதை சொன்னால் நல்ல பிணைப்பு, கெட்ட கதை சொன்னால் கெட்ட பிணைப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் பாடப்புத்தகத்தில் நான்கு வகைகளின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.
- உளவியல் முதுகலை மாணவி, மதுரை

கூடாது. கதை எப்படி முடிகிறது என்பதைவிட, வேதனையிலிருந்து அந்த முடிவுக்குப் பிள்ளை எப்படி வந்து சேர்கிறது என்பதுதான் முக்கியம். முழங்கால் கதையையே எடுத்துக்கொள்வோம். கீழே வருபவை விளக்குவதற்காக எழுதியவை, எந்தப் பிள்ளையின் பதிவும் அல்ல.

முதல் பிள்ளை: ‘அம்மான்னு கத்துவா. அம்மா ஓடி வருவாங்க. தண்ணி ஊத்திக் கழுவுவாங்க. எரியும், இன்னும் அழுவா. அப்புறம் மடியில உக்காரவெச்சு ஊதுவாங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடும். திரும்ப வெளையாடப் போயிடுவா.’

இரண்டாம் பிள்ளை: ‘எந்திரிச்சு வீட்டுக்குப் போவான். அவனே பிளாஸ்டர் ஒட்டிக்குவான். டிவி பாப்பான். அம்மா சமையல்ல இருக்காங்க. அவ்ளோதான் மிஸ்.’

மூன்றாம் பிள்ளை: ‘அம்மா வருவாங்க. ஏன்டி ஓடுனன்னு திட்டுவாங்க. மருந்து போடுவாங்க. அவ தட்டி விட்டுருவா. வலிக்குது வலிக்குதும்பா. அம்மா மறுபடி போடுவாங்க. ஆனா இன்னும் வலிக்கும். இன்னும் அழுவா...’

நான்காம் பிள்ளை: ‘அம்மா மருந்து வெச்சாங்க. அப்புறம் அம்மா மேல வீடு விழுந்துடுச்சு. செத்துட்டாங்க. இல்ல, இவன்தான் அம்மா...’ என்று சொல்லிவிட்டு, பொம்மையைத் தூக்கிய கை அப்படியே நிற்கிறது.

முதல் கதையில் அழுகை இருக்கிறது, எரிச்சல் இருக்கிறது. ஆனாலும் பிள்ளை உதவி கேட்டது, பெரியவர் வந்தார், வேதனை தணிந்தது, பிள்ளை விளையாட்டுக்குத் திரும்பியது. அந்தத் திரும்புதல்தான் பெரிய அடையாளம். இதைப் பாதுகாப்பான பிணைப்பு என்கிறோம். இரண்டாவதில் ஒரு பிசிறும் இல்லை, ஆசிரியர்கள் பாராட்டும் சமர்த்துப் பிள்ளை. ஆனால் ரத்தம் வடியும் முழங்காலோடு அம்மாவைத் தாண்டிப் போய்விட்டது. இது விலகும் பிணைப்பின் சாயல். மூன்றாவதில் அம்மா பக்கத்திலேயே இருக்கிறார், ஆனாலும் ஆறவில்லை, கோபமும் கெஞ்சலும் ஒன்றின்மேல் ஒன்றாக வருகின்றன. இது ஒட்டித் தவிக்கும் பிணைப்பு. நான்காவதில் ஒரு வழியே உருவாகவில்லை. தொடங்கியது அறுந்து, பேரழிவு வந்து, யார் யார் என்பதே குழம்பி, உடலும் உறைந்துபோகிறது. இதுதான் ஒழுங்கு குலைந்த பிணைப்பின் குறி.

ஒரே ஒரு கதையை வைத்து முத்திரை குத்துவதில்லை. நான்கிலும் எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்க்க வேண்டும். கதை கோர்வையாக இருக்கிறதா, பெரியவரின் செயல் வேதனைக்குப் பொருந்துகிறதா, மற்றவர் மனத்தில் ஓடுவதைப் பிள்ளை சொல்ல முடிகிறதா என்பதெல்லாம் தனித்தனியாக மதிப்பிடப்படும். மதிப்பிடுபவர் பிள்ளையின் வீட்டு வரலாறு தெரியாதவராக இருப்பது நல்லது. தெரிந்தால் கண் அதைத்தான் தேடும்.

மூன்றாம் பிள்ளையின் அம்மா திட்டுகிறார் என்பதற்காக அந்தக் கதையை அங்கே வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நம் வீடுகளில் விழுந்த பிள்ளையைத் திட்டிக்கொண்டே மருந்து போடாத தாய் யார்? திட்டியபின் ஆறியதா என்பதுதான் கேள்வி.

எங்கள் பள்ளியில் 10, 11 வயதுப் பிள்ளைகள் பொம்மையைப் பார்த்தாலே சிரிக்கிறார்கள். அவர்களுக்கு என்ன வழி?
- பள்ளி ஆலோசகர், தஞ்சாவூர்

சிரிப்பது சரிதான், பொம்மை அவர்களுக்கு அல்ல. எட்டு வயதைத் தாண்டினால் படமோ நேர்காணலோதான்.

படத்தில் பழையது பிரிவுப் பதற்றச் சோதனை. ஹான்ஸ்பர்க் அமெரிக்காவில் வளரிளம் பருவத்தினருக்காக வகுத்ததை, கிளாக்ஸ்பிரனும் பவுல்பியும் 1976-இல் சிறு பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றினார்கள். பெற்றோரைப் பிரியும் காட்சிகள் படத்தில் இருக்கும். சில லேசானவை, சில கடுமையானவை. ‘இந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும், ஏன், என்ன செய்யும்?’ என்று கேட்பார்கள். லேசான பிரிவுக்குக் கலங்கிப்போய், கடுமையான பிரிவுக்கு ‘ஒண்ணும் இல்ல, ஜாலியா இருக்கும்’ என்றால் கவனிக்க வேண்டும்.

பள்ளி வயதுக்கென்றே தனியாகச் செய்தது பட்ரிசியா கிரிட்டென்டனின் முறை. 6 முதல் 13 வயது வரை. ஏழு படங்கள்: தனியாக வெளியே கிளம்புவது, உயிர்த்தோழி ஒதுக்குவது, வேறு பகுதிக்குக் குடிபோவது, மற்ற பிள்ளைகள் மிரட்டுவது, அப்பா வீட்டைவிட்டுப் போவது, பிள்ளை வீட்டைவிட்டு ஓடுவது, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவது. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கட்டம். முதலில் படத்தில் இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கதை. பிறகு ‘உனக்கு இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா?’ என்று சொந்த அனுபவம். இந்த இரட்டை ஏற்பாடுதான் இதன் பலம். படத்துப் பிள்ளைக்கு அம்மா ஓடிவருவார், சொந்த அனுபவத்தில் அம்மாவே வரமாட்டார். அல்லது கதையில் பயங்கரம், சொந்த அனுபவமோ ‘எனக்கு எதுவும் நடந்ததே இல்ல’. அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது.

பிள்ளை சொல்லி முடித்ததும் ஒழுங்காகக் கேட்க வேண்டும்: முதலில் என்ன நடந்தது, அடுத்து என்ன, அப்போது மனசுக்கும் உடம்புக்கும் எப்படி இருந்தது, அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும், ஏன் அப்படிச் செய்தார்கள், அடுத்த முறை என்ன செய்வாய். ஒலிப்பதிவு செய்து, ‘ம்...’, ‘இல்ல இல்ல’ உட்பட ஒரு சொல் விடாமல் எழுத்தாக்கி, அதைத்தான் ஆராய்வார்கள். எது முன், எது பின் என்று வரிசை சுத்தமாக இருந்து உணர்ச்சியே இல்லாமல் போகிற பேச்சு ஒரு வகை. உணர்ச்சி கொப்பளித்து வரிசை கலைந்து பழி முழுக்க மற்றவர்மேல் விழுகிற பேச்சு இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்து வருவதுதான் சமநிலை. ஒன்றை நினைவில் வையுங்கள்: கிரிட்டென்டன் மரபில் ‘ஒழுங்கு குலைந்தது’ என்ற பெட்டி கிடையாது. ஆபத்துக்கு ஏற்பப் பிள்ளை கண்டுபிடித்த தற்காப்பு வழிகளாகவே அவர் எல்லாவற்றையும் படிக்கிறார். ஆகவே இரண்டு மரபின் அறிக்கைகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் குழம்புவீர்கள்.

மூன்றாவது, லண்டனில் ஆனா ஃபிராய்ட் மையத்தில் உருவான குழந்தைப் பிணைப்பு நேர்காணல். ஏறக்குறைய 8 முதல் 13 வயது. ‘உனக்கும் அம்மாவுக்கும் இடையில் எப்படி இருக்கும்? மூன்று சொல்லில் சொல்லு’ என்று கேட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்பார்கள். அங்கேதான் சிக்கும். ‘பாசமா இருப்பாங்க.’ ‘சரி, பாசமா இருந்த ஒரு நாள் சொல்லு.’ ‘எப்பவுமே பாசம்தான்.’ ‘போன வாரம்?’ ‘...எப்பவுமே.’ சொல் இருக்கிறது, சம்பவம் இல்லை. அதற்கு நேர்மாறாக, ‘கோவக்காரங்க’ என்று சொல்லிவிட்டு, ‘ரிமோட்ட ஒடச்சப்ப அடிச்சாங்க, அப்புறம் ராத்திரி வந்து தடவிக் குடுத்தாங்க’ என்று நடந்ததை நடந்தபடி சொல்லும் பிள்ளைக்கு மதிப்பெண் கூடும்.

பாதிக்கதையை வகுப்பில் எல்லாருக்கும் கட்டுரையாகக் கொடுத்து, யாருக்குப் பிரச்சினை என்று கண்டுபிடிக்கலாமா?
- தொடக்கப்பள்ளி ஆசிரியை, விருதுநகர்

வேண்டாம். எழுத்தில் குரல் இல்லை, கை அசைவு இல்லை, தயக்கம் இல்லை, பக்கத்து பெஞ்சின் விடை மட்டும் இருக்கும். வேதனையை எழுப்பிவிட்டு நாற்பது பிள்ளைகளையும் யார் ஆற்றுவது?

ஆனால் நீங்கள் அன்றாடம் பார்ப்பதற்கு மதிப்பு உண்டு. மைதானத்தில் விழுந்த பிள்ளை உங்களிடம் வருகிறதா, மறைக்கிறதா, வந்தால் எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்பதைத் தேதியோடு இரண்டு வாரம் குறித்துவைத்தால், கணிப்பவருக்கு அதைவிட உதவியான தாள் வேறில்லை.

பயிற்சியில் நான் எடுத்த பதிவுகளை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ‘நீயே கதையை முடித்துவிட்டாய்’ என்கிறார். எங்கே தவறு வருகிறது?
- பயிற்சி உளவியலாளர், சென்னை

எல்லாருக்கும் வரும் இடங்கள்தான். அடிக்கடி பார்ப்பவற்றைச் சொல்கிறோம்.

‘அம்மா வந்தாங்களா?’ என்று கேட்டிருப்பீர்கள். கேட்ட அந்த நொடியில் கதைக்குள் அம்மா வந்துவிட்டார், பிள்ளையின் எதிர்பார்ப்பு அடிபட்டுப் போயிற்று. ‘அடுத்து என்ன ஆகும்?’ என்பதைத் தாண்டிப் போகாதீர்கள். அதையும் அடிக்கடி கேட்டால் ஆபத்து. முடிந்த கதையைப் பிள்ளை உங்களுக்காக இழுக்கும், இழுத்த பகுதியில் டைனோசர் வரும், அதை நீங்கள் குலைவு என்று குறிப்பீர்கள்.

இரண்டாவது, வேதனையை ஏற்றாமலே கதையை ஒப்படைப்பது. புதிதாக வருபவர்களுக்குப் பிள்ளையைக் கலங்கடிக்க மனம் வராது. ‘விழுந்துட்டான், லேசா அடி’ என்று தட்டையாகச் சொல்லிவிடுவார்கள். பிணைப்புத் தேவையே எழாத கதைக்கு யாரும் பெரியவரைக் கூப்பிட வேண்டியதில்லை. விளைவு, பாதுகாப்பாக உள்ள பிள்ளையும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு டிவி பார்க்கப் போய்விடும், விலகும் பிணைப்பு என்று பிழையாகக் குறிக்கப்படும். எதிர்த்திசையிலும் எல்லை உண்டு. பிள்ளை உண்மையிலேயே அழத் தொடங்கினாலோ, பொம்மையைத் தூக்கி எறிந்தாலோ அந்தக் கதையை அங்கேயே முடியுங்கள்.

மூன்றாவது, பாராட்டு. நம் பிள்ளைகள் வகுப்பறைப் பழக்கத்தில் ‘சரியா மிஸ்?’ என்று முகத்தைப் பார்ப்பார்கள். ‘வெரி குட்’ என்றால் அடுத்த மூன்று கதைகளும் அதே அச்சில் வரும். ‘இதுல சரி தப்பு கிடையாது, நீ சொல்றதுதான் கதை’ என்று தொடக்கத்திலேயே சொல்லி, இடையில் ‘ம்’ மட்டும் போதும்.

மொழியையும் சொல்ல வேண்டும். பிள்ளை வீட்டில் பேசும் தமிழிலேயே நடத்துங்கள். ஆங்கில வழிப் பள்ளி என்பதற்காக ஆங்கிலத்தில் கேட்டால் வாக்கியம் சுருங்கும், சுருங்கிய வாக்கியம் உணர்ச்சியற்றதாகத் தெரியும். தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசும் வீடு என்றால் அந்த மொழி தெரிந்தவரை நடத்தச் சொல்லுங்கள். பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ இருக்கும் பிள்ளையின் உடைந்த கதையைப் பிணைப்புக் குலைவாகப் படிப்பது மிகப் பெரிய பிழை. காலைச் சாப்பாட்டுக் கதையே தடுமாறினால், அதற்குமேல் போகாமல் பேச்சு மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

கேமராவைப் பிள்ளையின் முகமும் பொம்மை வீட்டின் தரையும் ஒரே சட்டத்தில் விழும்படி வையுங்கள். முதுகுப் பக்கம் வைத்த பதிவு வீண்.

கடைசியாக, கதைக்குள் வரும் அடி உதை எல்லாம் புகார் ஆகாது. ஆனால் பிள்ளை பொம்மையை விட்டுவிட்டு ‘எனக்கும் மாமா இப்படித்தான் பண்றாரு’ என்று தன்னைப் பற்றிச் சொன்னால் சோதனை அத்தோடு நின்றது. துருவாமல் கேளுங்கள், அவன் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்ற ஐயம் இருந்தால் 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ‘ரகசியமா வெச்சுக்கறேன்’ என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது.

மகனும் மருமகளும் வளைகுடாவில். பேத்தியை இரண்டு வயதிலிருந்து என் மனைவிதான் வளர்க்கிறாள். இந்தச் சோதனையில் அவள் ‘பாட்டி’ பொம்மையை எடுத்தால் அம்மாமேல் பிணைப்பு இல்லை என்று எழுதிவிடுவார்களோ?
- ஒரு தாத்தா, நாகர்கோவில்

எழுதக் கூடாது. எந்தப் பெரியவரைப் பற்றிய எதிர்பார்ப்பைப் பார்க்கிறோம் என்று குறிப்பிட்டே நடத்துகிறோம். பாட்டியை வைத்து நடத்தினால் பாட்டியோடு உள்ள பிணைப்பு தெரியும், அவ்வளவே. அம்மாவோடு உள்ளதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வேறொரு நாள், வேறொரு பொம்மை. ஒருவரோடு பாதுகாப்பாகவும் இன்னொருவரோடு வேறு மாதிரியாகவும் இருப்பது எங்கும் காண்பது. பேத்திக்கு வலிக்கும்போது போய் நிற்க ஒரு மடி இருக்கிறது என்பதைத்தான் நல்ல சேதியாக எடுத்துக்கொள்வோம்.

இந்த முறைகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள வீட்டமைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது உண்மை. இரவுக் கனவுக் கதையில் பிள்ளை தனி அறையில் தூங்குகிறது. நம் ஊரில் ஆறு வயதுப் பிள்ளை பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கும். கண் விழித்தால் பக்கத்திலேயே ஆள். அங்கே ‘யாரிடம் போவாள்’ என்ற கேள்வியே எழாது. தொலைந்துபோகும் கதைக்கு இந்தச் சிக்கல் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரத் துணிக்கடைக் கூட்டம் எந்தப் பிள்ளைக்கும் புரியும். கதையைத் தம் விருப்பத்துக்கு மாற்றிவிட்டு மான்செஸ்டர் மதிப்பீட்டு அளவையே பயன்படுத்துவதும் முறையல்ல. மாற்றினால் என்ன மாற்றினோம் என்று அறிக்கையில் எழுதி, கனவுக் கதைக்குக் குறைந்த எடை கொடுத்து, மற்ற மூன்றையும் முதன்மையாக வைத்துப் படிக்க வேண்டும்.

விவாகரத்து வழக்கு நடக்கிறது. என் மகளுக்கு நடத்திய பொம்மைக் கதையில் ‘ஒழுங்கு குலைந்த பிணைப்பு’ என்று வந்திருக்கிறதாம். அதைக் காட்டி, நான் கொடுமைப்படுத்தியதாக எதிர்த்தரப்பு சொல்கிறது. இது சாட்சியமா?
- ஒரு தந்தை, சேலம்

உங்கள் வழக்கின் உண்மை எங்களுக்குத் தெரியாது, அதைப் பற்றிச் சொல்லவும் மாட்டோம். முறையைப் பற்றிச் சொல்லலாம்.

இந்தக் கணிப்பு நடந்ததைப் பதிவு செய்யும் கருவி அல்ல, பிள்ளையின் எதிர்பார்ப்பைப் படிக்கும் கருவி. குலைந்த பிணைப்புக்குக் கொடுமை ஒரு காரணம். பெற்றோரின் ஆறாத துக்கம், இழப்பு, நீண்ட பிரிவு, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த குடும்பச் சுமை ஆகியவையும் காரணங்கள். வான் ஐசன்டோர்னும் சகாக்களும் 1999-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, எந்தக் கொடுமையும் தெரியாத நடுத்தரக் குடும்பக் கைக்குழந்தைகளிலேயே சுமார் 15 விழுக்காடு இந்த வகையில் வந்தார்கள். 2017-இல் இத்துறையின் முன்னணி ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஒரு தனிப் பிள்ளையின் குலைவுக் குறியை வைத்துக் கொடுமை நடந்தது என்று முடிவுகட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. கைக்குழந்தைச் சோதனைக்கே அப்படி என்றால், பொம்மைக் கதைக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதே நேரத்தில், இந்தக் குறியை வைத்து நிரூபிக்க முடியாது என்பதால் கொடுமை நடக்கவில்லை என்றும் ஆகிவிடாது. அதற்கு வேறு விசாரணை உண்டு.

உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டியவை: நடத்தியவரும் மதிப்பிட்டவரும் அந்த முறைக்கான பயிற்சியும் தேர்ச்சியும் பெற்றவர்களா, மதிப்பிட்டவருக்கு வழக்கு விவரம் முன்பே தெரியுமா, முழு வீடியோ இருக்கிறதா, இரண்டாவது ஒருவர் தனியாக மதிப்பிட்டாரா, இரு பெற்றோருக்கும் தனித்தனியாக நடந்ததா, அன்று பிள்ளையை அழைத்து வந்தவர் யார். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனைத்தான் முன்னால் வைக்கிறது. இரண்டு தரப்பும் அறிக்கையின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் அடிபடுவது அந்த நலன்தான். தயவுசெய்து வீட்டில் மகளிடம் ‘அன்னிக்கு என்ன கதை சொன்ன?’ என்று கேட்காதீர்கள், எதிர்த்தரப்பும் கேட்கக் கூடாது.

என் 5 வயது மகன் சொல்லும் எல்லாக் கதையிலும் பேய் வந்து எல்லாரையும் தின்றுவிடுகிறது. பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், காரைக்கால்

சிரித்துக்கொண்டே சொல்கிறானா? தின்ற பேயை அடித்து எல்லாரையும் வெளியே எடுக்கிறானா? சொல்லி முடித்ததும் சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறானா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் அது கார்ட்டூன், விட்டுவிடுங்கள். தூக்கம், சாப்பாடு, பள்ளி மூன்றில் ஏதாவது மாறியிருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள்.

6 வயதில் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். வந்த புதிதில் நடந்த கதைச் சோதனையில் மோசமாக வந்தது. ஓராண்டு கழித்து மறுபடி செய்தார்கள். ‘நல்லதும் கூடியிருக்கிறது, கெட்டதும் அப்படியே இருக்கிறது’ என்கிறார்கள். இது என்ன பதில்?
- தத்துப் பெற்றோர், புதுச்சேரி

கேட்க விசித்திரமாக இருந்தாலும் உண்மையான பதில். லண்டனில் ஜில் ஹாட்ஜஸும் மிரியம் ஸ்டீலும் சகாக்களும் இதையேதான் கண்டார்கள். அவர்களுடைய முறையில் 13 பாதிக்கதைகள். கூட்டத்தைவிட்டுத் தொலைந்த பன்றிக்குட்டி, வீட்டுக்குப் பின்னால் அழுகைச் சத்தம், குடும்பம் இருக்கும் இடத்தில் காலை உதைக்கும் யானை என்று விலங்குகளும் வரும். வீட்டுப் பொம்மைகளை நெருங்கவே பயப்படும் பிள்ளை, பன்றிக்குட்டியை வைத்துச் சொல்லிவிடும். முன்பு கொடுமைக்கு ஆளாகி, வளர்ந்தபின் தத்துப்போன பிள்ளைகளைத் தொடக்கத்திலும் ஓராண்டிலும் இரண்டாண்டிலும் கேட்டபோது, பெரியவர் உதவுகிறார், கவனிக்கிறார் என்ற காட்சிகள் கூடின. ஆனால் பேரழிவு, வன்முறை, புறக்கணிப்புக் காட்சிகள் அதே வேகத்தில் குறையவில்லை. பழைய எதிர்பார்ப்பு அழிந்து புதியது வருவதில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எது எப்போது விழிக்கும் என்பது அன்றாட அனுபவத்தைப் பொறுத்தது.

ஆகவே உங்கள் மகளின் கதையில் ‘அம்மா வந்து தூக்கிக்கிட்டாங்க’ என்ற ஒரு வரி புதிதாக வந்திருந்தால் அதைச் சின்னதாக எண்ணாதீர்கள். வீட்டில் செய்ய வேண்டியது கதைப் பயிற்சி அல்ல. அடிபட்டால் அவள் கேட்காவிட்டாலும் போய்ப் பார்ப்பது, வெளியே போனால் எப்போது திரும்புவோம் என்று சொல்லி அந்த நேரத்துக்கே திரும்புவது, திட்டினால் அன்று இரவுக்குள் சமாதானமாவது. காப்பகத்தில் வளர்ந்த பிள்ளை வலியைச் சொல்லாமல் மறைக்கலாம். குளிப்பாட்டும்போது காயம் கண்ணில் பட்டால் ‘ஏன் சொல்லல?’ என்று கேட்காமல் மருந்தை எடுங்கள்.

அடுத்த கணிப்பை ஓராண்டுக்கு முன் கேட்க வேண்டாம். அடுக்கடுக்காகச் செய்தால் கதைகள் மனப்பாடமாகிவிடும், வருவது மகளின் எதிர்பார்ப்பாக இராது, போன தடவை சொன்ன விடையாக இருக்கும்.

இதையெல்லாம் யாரிடம் செய்துகொள்வது?
- பலர்

இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் அல்லது குழந்தை மனநல மருத்துவர். அவரிடம் ‘எந்த முறை, யாரிடம் பயிற்சி?’ என்று கேட்கத் தயங்காதீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தை மனநலத்துக்கெனத் தனித் துறை உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் விசாரிக்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் முதலில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416-இல் பேசி வழி கேட்கலாம், கட்டணம் இல்லை. பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. இணையத்தில் ‘உங்கள் குழந்தையின் அட்டாச்மென்ட் வகை, பத்தே கேள்வி’ என்று வருவதற்குப் பணம் கட்டாதீர்கள்.